இடிக்கிற ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் உண்டா?

தக்கலையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "எங்கள் ஆபீசைப் புதுப்பிக்கப் போகிறார்கள். ஒரு பாதியை இடிக்கும்போது மறு பாதியில் இருந்து வேலை பாருங்கள் என்கிறார் முதலாளி. மூன்று மாதமாம். ஒத்துக்கொள்ளலாமா, லீவு போடலாமா?"

3 ஜூலை 2025, காலை

லீவு போடுங்கள்.

3 ஜூலை 2025, இரவு

காலையில் ஒரு காலில் ஷூவோடு எழுதியது. விவரமாகச் சொல்கிறேன்.

2023-இல் எங்களுக்கு இதே கதை. நாகர்கோவில் மணிமேடை பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். பழைய ஓட்டுக் கட்டடம், உள்ளே மரத்தட்டுச் சீலிங். தட்டு முழுக்கச் சிதல், அதாவது கரையான். ஒருநாள் பேலன்ஸ் ஷீட் மேல் மரத்தூளோடு ஒரு பல்லியும் விழுந்தது. அன்றைக்குத்தான் சார் முடிவெடுத்தார்.

முடிவு சரி, எடுத்த மாதம்தான் தப்பு. ஜூன் கடைசியில் இடிக்க ஆரம்பித்தார்கள். அந்த வருஷம் ஜூலை 31 வருமான வரிக் கணக்குக்குக் கடைசி நாள், மாதாமாதம் 11-ம் 20-ம் ஜிஎஸ்டி. ஆபீசை மூட சாருக்கு மனசில்லை. "ஓணத்துக்குள்ள முடிச்சுத் தாறேன்" என்றார் கான்ட்ராக்டர். எந்த வருஷத்து ஓணம் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நாங்கள் நாலு பேர். சீனியர் அக்கா (சுசீந்திரத்துக்காரர், 22 வருஷ சர்வீஸ்), நான், குலசேகரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் ஒரு பெண், ஆரல்வாய்மொழிப் பையன் ஒருவன். சாரைச் சேர்த்தால் ஐந்து. எல்லோரும் முன்னறையில், மதிய டிபன் பாக்ஸ் திறந்தால் யார் வீட்டு மீன் புளிமுளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற தூரத்தில்.

கம்ப்யூட்டரை இரவில் பழைய வேட்டியால் நன்றாக மூடி வையுங்கள். ஜிப்சம் தூள் உள்ளே ஃபேனில் போய் அப்பிக்கொள்ளும். எங்களிடம் ரெண்டு மெஷின் அப்படித்தான் செத்தன.

5 ஜூலை

தடுப்பு பற்றிக் கேட்டிருக்கிறார். பிளைவுட்டோ ஜிப்சமோ, எதுவானாலும் சீலிங் உயரத்தோடு நிறுத்திவிடுவார்கள். சீலிங்குக்கும் ஓட்டுக்கும் நடுவே இருக்கிற வெற்றிடம் எல்லா அறைக்கும் பொது. உள்ளே பேசுகிற பேச்சு மேலே ஏறி, குறுக்கே நடந்து, அடுத்த அறையில் இறங்கும். தடுப்பைக் கூரைவரை கொண்டுபோகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ரகசியம் பேசாதீர்கள்.

எனக்கு இது யாரும் சொல்லவில்லை. புதுத் தடுப்பு எழும்பின அன்றைக்குக் கதவை அடைத்துக்கொண்டு அம்மாவிடம் போனில், "பொண்ணு பாக்க இப்போ என்னை வரச் சொல்லாண்டாம், மனசுல ஒரு ஆளு உண்டு" என்று சொன்னேன். சாவகாசமாக வெளியே வந்தால், பில் கட்டோடு உட்கார்ந்திருந்த சிப்ஸ் கடைக்கார அண்ணாச்சி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அக்கா சிரிக்கவே இல்லை, அதுதான் பயமாக இருந்தது. குலசேகரத்துக்காரி கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கிரீன் ஆஃபாகி இருந்தது.

6 ஜூலை

"யார் அந்த ஆள்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். கேள்வி லீவு பற்றியது.

6 ஜூலை, இரவு

சரி. ஹாட்ஸ்பாட் கதையைச் சொன்னால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

20-ஆம் தேதி. மாதாமாதம் போடுகிற ஜிஎஸ்டி கணக்கான 3பி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். முப்பது பேருடையது பாக்கி. ஒரு நாள் தவறினாலும் ரிட்டர்னுக்கு நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வியாபாரமே இல்லாதவருக்கு 20. காலை 11 மணிக்குத் தரையில் டைல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தவர், கூடவே எங்கள் இன்டர்நெட் வயரையும் வெட்டினார். மிக நேர்த்தியான வெட்டு, அதைச் சொல்ல வேண்டும்.

சார் பார்த்தார். "யாரு போன்ல நெட்டு நல்லா இருக்கு?" நான்தான் முந்திரிக்கொட்டை. ஹாட்ஸ்பாட்டைப் போட்டேன். பாஸ்வேர்டு என்ன என்று நாலு பக்கமிருந்தும் கேட்டபோதுதான் எனக்கு ஓர்மை வந்தது. மாற்றவும் நேரமில்லை. தரையில் கட்டிங் மெஷின் ஓடுகிறது, மெதுவாகச் சொன்னால் கேட்காது. கத்தினேன்.

"குலசேகரம்! எல்லாம் சின்ன எழுத்து! பின்னால அந்த ஊரு பின்கோடு!"

சரியாக அந்த நேரம் பார்த்து மெஷின் நின்றது.

எனக்குக் குலசேகரத்தில் சொந்தக்காரர் கிடையாது, ரப்பர் தோட்டம் கிடையாது. நாகர்கோவில் வடசேரியில் பிறந்து வளர்ந்தவன். பாஸ்வேர்டுக்கு எட்டு எழுத்தாவது வேண்டும், அதனால் நீளமான ஊர்ப்பெயராகப் பார்த்து வைத்தேன் என்று சமாளித்தேன். அக்கா விரல்விட்டு எண்ணினார். "நாகர்கோவிலுக்கு ஒம்பது எழுத்து இருக்குல்லா மக்ளே?"

முப்பது ரிட்டர்னும் அன்றைக்கே போய்விட்டன.

7 ஜூலை

அடுத்தது ரெட் ஆக்சைடு, இரும்புக்கு அடிக்கிற பெயிண்ட். கம்பி வேலைக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள்: சாரல் காலத்தில் ரெட் ஆக்சைடு அடித்த கிரில்லை நடைவழியில் சாத்தக் கூடாது. காய்ந்த மாதிரி இருக்கும், காயாது.

எங்கள் நடைவழியில் ஒரு பக்கம் ஆறு வருஷத்து பைல் கட்டு, மறு பக்கம் கிரில். முதுகை உரசாமல் போக முடியாது. காலை 10 மணிக்கு நான் போனேன். மதியம் 3 மணிக்கு அவள் போனாள். ஐந்து மணி நேர இடைவெளி, சத்தியமாக. ஆனால் சாயங்காலம் இரண்டு பேர் முதுகிலும் செங்கல் நிறத்தில் ஐந்தைந்து கோடு. அக்கா மரஸ்கேலை எடுத்து என் சட்டையிலும் அவள் துப்பட்டாவிலும் வைத்துப் பார்த்தார். கோட்டுக்குக் கோடு நாலு அங்குலம்.

"டேலி ஆகுது" என்றார்.

நேரம் வேறு வேறு என்று நான் சொல்ல, "வவுச்சர்ல நேரம் எழுதலியே" என்றார். ஆடிட்டர் ஆபீசில் 22 வருஷம் இருந்தவரிடம் வாதாட முடியாது. அந்தச் சட்டை இன்னும் இருக்கிறது. மண்ணெண்ணெய், தின்னர், தேங்காய் எண்ணெய் எல்லாம் போட்டும் போகவில்லை.

9 ஜூலை

வரிசை தப்பு. மேலே ஹாட்ஸ்பாட்டை முதலிலும் ரெட் ஆக்சைடை அப்புறமும் எழுதிவிட்டேன். கோடு விழுந்தது ஆடி அமாவாசைக்கு மறுநாள் என்பது நிச்சயம், ஏனென்றால் அக்கா முந்தினநாள் கன்னியாகுமரியில் முக்கடலில் குளித்துவிட்டு ஜலதோஷத்தோடு வந்திருந்தார். அதை வைத்து ஆகஸ்ட் 17 என்று நினைத்துவிட்டேன். ஆனால் 2023-இல் ஆடியில் இரண்டு அமாவாசை: ஜூலை 17, ஆகஸ்ட் 16. ஊரெல்லாம் இரண்டாவதைக் கும்பிட்டது. அக்கா எதற்கும் இருக்கட்டும் என்று முதலாவதற்கே போய்விட்டவர். ஆகவே கோடு ஜூலை 18, ஹாட்ஸ்பாட் ஜூலை 20.

9 ஜூலை, கொஞ்ச நேரம் கழித்து

இந்தத் திருத்தத்தால் எனக்கே ஒரு சங்கடம். கோடு விழுந்தபோது எனக்கு அப்படி ஒரு எண்ணமே இல்லை என்று இத்தனை நாள் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். இரண்டு நாள் கழித்து வெளியான பாஸ்வேர்டு ஏப்ரலில் வைத்தது. அக்கா இதைப் படிக்காமல் இருக்கக் கடவது.

11 ஜூலை

ஏப்ரலில் என்ன நடந்தது என்கிறீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. அவள் சேர்ந்த புதிது. பையன் என்னை அண்ணன் என்பான், மாடிக்கு வரும் தபால்காரப் பெண் அண்ணன் என்பாள், அக்காவே "அண்ணன்கிட்ட கேளு மக்ளே" என்றுதான் அவளை என்னிடம் அனுப்புவார். அவள் மட்டும் ஒரு தடவைகூட அண்ணன் என்று சொல்லவில்லை. சாரும் இல்லை. "இங்க பாருங்க" என்பாள், அல்லது மேசையில் பென்சிலால் இரண்டு தட்டு தட்டுவாள். ஒரு மனுஷன் இதை வைத்து எவ்வளவு தூரம் யோசிப்பான்? நான் குலசேகரம் பின்கோடுவரை யோசித்தேன்.

வேலை நடக்கும்போது இன்னொன்று. ஜன்னலைக் கழற்றிவிட்டார்கள், ஆடிக் காற்று. நம்மூர்க் காற்றைச் சொல்ல வேண்டுமா, முப்பந்தலில் காற்றாடி சுற்றுகிற காற்று. சிப்ஸ் கடை அண்ணாச்சியின் கொள்முதல் பில் 41-ம் ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போயின. நானும் அவளும் ஓடினோம். ஓடைக்குள், ஆட்டோவுக்கு அடியில், ஒரு மாட்டின் வாயில். 38 கிடைத்தன. (விற்ற கடைக்காரர்கள் ஜிஎஸ்டியில் ஏற்றின பில்லெல்லாம் 2பி என்ற பட்டியலில் வரும்.) நான் நடுங்கிக்கொண்டு நின்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டே, "2பி-யில இருக்கும், பயப்படாதீங்க" என்றாள்.

எனக்கு இதுவரை யாரும் இவ்வளவு ஆதரவாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

(2பி-யில் இருந்தாலும் பில் கையில் இருந்தால்தான் இன்புட் எடுக்கலாம், அதாவது கொள்முதலில் கட்டின வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்பது சட்டம். அன்றைக்கு அதை நான் சொல்லவில்லை. மறுநாள் மூன்று கடைக்கும் போய் நகல் வாங்கிவந்தேன்.)

12 ஜூலை

தக்கலைக்காரர் பொறுமையாக மறுபடி கேட்கிறார், முதலாளிக்குச் செலவில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா என்று. சீலிங், டைல்ஸ், சுவர் வேலை எல்லாவற்றையும் சொத்துக் கணக்கில் ஏற்றினால் அதன்மேல் கட்டின ஜிஎஸ்டிக்கு இன்புட் கிடையாது. மேசை நாற்காலிக்கு உண்டு. அதனால் ஒரே பில்லில் மொத்தமாகப் போட விடாதீர்கள், தனித்தனியாக வாங்கச் சொல்லுங்கள். தடுப்பு எதில் சேரும் என்று அக்காவும் அவளும் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். ஸ்க்ரூவைக் கழற்றினால் எடுத்துப் போகலாம் என்பது அவள் கட்சி. அக்கா ஒருநாள் தடுப்பைக் கையால் தள்ளிப் பார்த்தார். அது அசைந்தது. ஆசாரி வந்து கோபித்துக்கொண்டார்.

14 ஜூலை

இப்போது பிளைவுட். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

ஆகஸ்டில் ஆசாரி வந்தார், மேசைகள் செய்ய. மெஷின் சத்தத்தில் பேச்சு எடுபடாது. ஆசாரி தன் அளவுகளைப் பலகையிலேயே பென்சிலால் குறித்துவைப்பார். அதைப் பார்த்து நாங்களும் ஆரம்பித்தோம். அவள் மேசைக்குப் பக்கத்தில் சாத்தியிருந்த 8-க்கு 4 பலகை எங்கள் எல்லோருக்கும் சிலேட்டு. "கோட்டாறு பார்ட்டி பைல் எங்க?" "சார் கூப்பிடுதாரு." "ரசவடை யாருக்கெல்லாம் வேணும்?" பையன் எதையாவது கிறுக்கிக்கொண்டே இருப்பான்.

ஒருநாள் மதியம் அவள் சாப்பிடப் போன நேரம், பலகையில் அவள் உட்காருகிற உயரத்தில் எழுதினேன்: "சாயா குடிக்க வாறியா? 5 மணி." எழுதிவிட்டு உடனே பேங்குக்குப் போய்விட்டேன், அங்கே வேலை ஒன்றும் கிடையாது.

நாலு மணிக்குத் திரும்பினால் பலகையைக் காணோம். ஆசாரி வெட்டி, பசை தடவி, அடித்து முடித்துவிட்டார். அவள் படித்தாளா இல்லையா? கேட்க முடியுமா? ஐந்து மணிக்கு எதிர்ச் சாயாக்கடையில் போய் நின்றேன். காற்றில் சாயாவில் மண் விழுந்தது. இரண்டு சாயா குடித்தேன். 5.40-க்குக் கிளம்பிவிட்டேன். மறுநாள் அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. சரி, படித்திருக்கிறாள், பிடிக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து சார் தன் புது மேசையின் டிராயரை இழுத்தார். வெளியே மைக்கா, உள்பக்கம் ஒட்டாமல் விட்டிருந்தார்கள். அங்கே, கண்ணுக்கு நேராக:

"குடிக்க வாறியா? 5 மணி."

கீழே இன்னொரு கையெழுத்தில்: "வாறேன்."

சாயாவை ஆசாரி வெட்டிவிட்டிருந்தார்.

சார் எங்களை நிற்கவைத்தார். "எடே, ஆபீசுல வச்சே குடிக்கக் கூப்பிடுத அளவுக்கு ஆயாச்சா?" எழுதியது யார் என்று அவர் கேட்கவே இல்லை. என் 5-ஐ அவர் பத்து வருஷமாக லெட்ஜரில் பார்க்கிறவர். "பதில் எழுதினவன் எவன்?" என்றுதான் கேட்டார். எல்லோரும் பையனைப் பார்த்தோம். அவன் குலசாமி மேல் சத்தியம் பண்ணினான். யாரும் நம்பவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து அரை மணி நேரம் குடியின் தீமை பற்றிக் கேட்க நேர்ந்தது. பையனுக்கு அப்போது வயது 20, சுக்குக்காப்பி தவிர ஒன்றும் குடிக்காதவன்.

14 ஜூலை, இரவு 11 மணி

மேலே உள்ளதை வீட்டில் படித்துவிட்டார்கள்.

ஆமாம், கல்யாணம் ஆகிவிட்டது. 2024 ஆவணியில், அக்கா முன்னின்று. மரஸ்கேல் ஆதாரத்தோடு இரு வீட்டாரிடமும் போய்ப் பேசினவர் அவர்தான். யாரோடு என்று இன்னும் கேட்டீர்களானால் ஹாட்ஸ்பாட்டைத் திரும்பப் படியுங்கள்.

இப்போது பிரச்சினை அதுவல்ல. "அந்த வாறேன் நான் எழுதினது" என்கிறாள். இரண்டு வருஷமாக நான் பையன் எழுதினதென்றே நினைத்திருக்கிறேன். எழுதினவள் ஏன் வரவில்லை என்றேன். வந்தேன் என்கிறாள். நான் நாற்பது நிமிஷம் நின்றேன் என்றேன். நானும் நாற்பது நிமிஷம் நின்றேன், பஸ்ஸை விட்டேன் என்கிறாள்.

கூட இன்னொரு குற்றச்சாட்டு. வாயால் பேசும்போது வாங்க போங்க, பலகையில் மட்டும் என்ன "வாறியா" என்று. இடம் போதவில்லை, "வாறீங்களா" நீளம் என்றேன். 8-க்கு 4 பலகை என்று ஞாபகப்படுத்தினாள்.

15 ஜூலை

தூக்கமில்லை. அவள் சொல்வது: தான் முழுசாக "காப்பின்னா வாறேன்" என்று எழுதியதாகவும், அதனால் சாயாக்கடைக்கு வராமல் முக்குத் திரும்பினதும் இருக்கிற கருப்பட்டிக் காப்பிக் கடையில் நின்றதாகவும். எனக்கு நம்பிக்கை இல்லை. டிராயரில் "வாறேன்" மட்டும்தான் இருந்தது என்றேன். சாயாவை வெட்டின வாள் காப்பியை வெட்டாதா என்று கேட்கிறாள்.

இது ஆதாரத்தால் தீர வேண்டிய விஷயம்.

16 ஜூலை

ஆசாரிக்குப் போன் பண்ணினேன். இரணியலில் ஒரு வீட்டு வேலையில் இருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முந்தின பலகைத் துண்டு எங்கே போயிற்று என்று கேட்டால் எந்த ஆசாரியும் போனை வைத்துவிடுவார். இவர் வைக்கவில்லை. யோசித்து, சார் டிராயருக்கு எடுத்தது போக மிச்சத்தை அந்த வரிசையில் கடைசி மேசைக்குப் போட்டேன், எழுத்து இருந்த பக்கத்தைக் கீழே திருப்பி வைத்தேன் என்றார். கடைசி மேசை அவளுடையதுதான். அவள் இப்போது கோட்டாறில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு பார்க்கிறாள். அந்த மேசையில் மார்ச்சிலிருந்து ஒரு புதுப் பெண் இருக்கிறாள்.

தக்கலைக்காரரே, மேசைப் பலகை 18 மில்லி போடச் சொல்லுங்கள். எங்களுக்கு 12-ஐப் போட்டு, நடுவில் தொட்டில் மாதிரி தொங்குகிறது.

18 ஜூலை

புதுப் பெண் சாப்பிடப் போகட்டும் என்று காத்திருந்தேன். 1.20-க்குப் போனாள். மேசைக்கு அடியில் மல்லாக்கப் படுத்து நுழைந்து, போன் டார்ச்சைப் போட்டேன். மெல்லிய பலகை, மேலே ஆணிகள், ஒரு பழைய பபிள்கம். ஓரத்தில், வாள் வெட்டின விளிம்பை ஒட்டி, பென்சில் எழுத்து. ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டே வார்த்தை. மேலே என் கையெழுத்து, கீழே அவளுடையது.

சாயா
காப்பின்னா

வெளியே எத்தனை நேரமாகக் காலடிச் சத்தம் இருந்ததோ தெரியவில்லை. மேசைக்கு வெளியே முதலில் சாருடைய செருப்பு, பக்கத்தில் புதுப் பெண்ணுடையது, அதற்குப் பக்கத்தில் சிப்ஸ் கடை அண்ணாச்சியுடையது.

"அடியில என்னடே தேடுத?"

"வவுச்சர் சார்."

சார் குனிந்து பார்த்தார். டார்ச்சை வாங்கிக்கொண்டார். அவரும் முட்டி போட்டு உள்ளே தலையை நீட்டி, ரொம்ப நேரம் அந்த இரண்டு வார்த்தையையும் பார்த்தார். எழுந்து தன் அறைக்குப் போய் டிராயரை இழுக்கிற சத்தம் கேட்டது. பிறகு, தடுப்புக்கு மேலே ஏறி, குறுக்கே நடந்து, எங்களிடம் இறங்கி வந்தது அவர் குரல்:

"அப்போ அந்தப் பயலு குடிக்கலியா!"

பையன் இப்போது திருவனந்தபுரத்தில் வேலையில் இருக்கிறான். சார் அவனுக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை என்று எனக்கு மெசேஜ் வந்திருக்கிறது.

18 ஜூலை, மாலை 4.10

படம் எடுத்து அவளுக்கு அனுப்பினேன். கூடவே, "5 மணிக்கு வாறீங்களா?" என்று முழுசாக எழுதினேன்.

"வாறேன்" என்று பதில் வந்திருக்கிறது. எந்தக் கடைக்கு என்று இல்லை.